கொழும்பின் மேல் ஒரு பழைய முறைப்பாடு

“கொழும்பில் கலாசாரம் என்று ஒன்றுமே கிடையாது” என்ற வசனத்தை நான் முதன்முதலாகக் கேட்டது வெள்ளவத்தையில் ஒரு நூல் வெளியீட்டு விழாவில், கூட்டம் முடிந்து வடையும் நெஸ்கபேயும் பரிமாறப்பட்டுக்கொண்டிருந்த வேளையில். சொன்னவர் சற்று முன்னர் முக்கால் மணித்தியாலம் ஆய்வுரை நிகழ்த்தியவர். கேட்டுத் தலையசைத்தவர்களில் ஒருவர் நாடகம் போடுகிறவர், இன்னொருவர் தன் ஓய்வூதியத்தில் சஞ்சிகை நடத்துகிறவர். அந்த வசனம் அந்த இடத்திலேயே பொய்யாகிக்கொண்டிருந்ததை எங்களில் எவரும் கவனிக்கவில்லை. அதன் பின்னர் இதே வசனத்தை வேறு வேறு வாய்களிலிருந்து எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்; வெட்கத்துடன் ஒப்புக்கொள்வதானால், சொல்லியும் இருக்கிறேன். இது எங்கிருந்து வருகிறது, சொல்பவருக்கு எதைப் பெற்றுத் தருகிறது, இதற்குள் உண்மை எவ்வளவு என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில், யார் இதைச் சொல்வதில்லை என்று கவனிப்பது பயன் தரும். கொட்டாஞ்சேனையிலோ ஜிந்துப்பிட்டியிலோ நான்கு தலைமுறையாக வாழும் ஒருவர் கொழும்பில் தண்ணீர் வருவதில்லை என்பார், வீட்டு வாடகை கட்டுப்படியாகவில்லை என்பார், பொலிஸ் தொல்லை என்பார். கலாசாரம் இல்லை என்று அவர் குறைப்பட்டு நான் கேட்டதில்லை. குறைப்படுபவருக்குப் பெரும்பாலும் வேறெங்கோ ஓர் ஊர் இருக்கிறது. கொழும்பில் இரண்டு தமிழர் அறிமுகமானால் மூன்றாவது வசனத்துக்குள் “நீங்கள் ஊரில் எவ்விடம்?” என்ற கேள்வி வந்துவிடும். கேட்கப்பட்டவர் பம்பலப்பிட்டியில் பிறந்து வளர்ந்தவராக இருந்தாலும் தகப்பனாரின் ஊரைத்தான் சொல்வார், “கொழும்புதான்” என்று யாராவது சொல்லிவிட்டால், “அது சரி, அப்பா எவ்விடம்?” என்று விசாரணை தொடரும். சிங்களத்திலும் இதே கேள்வி ‘கம’ என்ற சொல்லை வைத்துக் கேட்கப்படுகிறது, சித்திரைப் புத்தாண்டு வாரத்தில் நகரமே காலியாகிவிடுகிறது. 1875இல் அடிக்கல் நடப்பட்ட அலைதாங்கி 1885இல் முடிவடைந்து, காலித் துறைமுகத்தின் இடத்தைக் கொழும்பு பிடித்துக்கொண்ட நாள் தொட்டு, இது பிழைக்க வந்து தங்குகிறவர்களின் நகரம். தங்கியிருக்கும் இடத்துக்குக் கலாசாரம் இருப்பதாக ஒப்புக்கொண்டால் ஊருக்குத் துரோகம் செய்வதுபோல ஓர் உணர்வு எங்களுக்குள் இருக்கிறது.

ஊர் என்பது யாழ்ப்பாணமாகவோ மட்டக்களப்பாகவோதான் இருக்க வேண்டும் என்பதில்லை. இலண்டனில் பத்து வருடம் இருந்து திரும்பியவருக்கு ஊர் என்பது அங்கே பார்த்த நாடக அரங்குகள். மார்கழியில் சென்னைக்குப் போய் வருபவருக்கு அது சபாக்கள். எங்குமே போகாமல் மொழிபெயர்ப்பு நாவல்களை வாசித்துத் தேறிய இளைஞருக்கு அது பாரிஸ் நகரத்துத் தேநீர்ச்சாலை. இந்த மூன்றாமவரின் முறைப்பாடுதான் சுவாரசியமானது, ஏனெனில் அவர் ஒப்பிடும் நகரத்தை அவர் கண்டதில்லை, வாழும் நகரத்தையும் கண்டதில்லை. ‘இங்கே பேசுவதற்கு ஆள் இல்லை’ என்று அவர் சொல்லும்போது, பேசுவதற்கு ஏற்ற ஆள் தான் ஒருவரே என்ற செய்தி அதற்குள் பத்திரமாக மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. மேதாவித்தனத்துக்கு இதைவிட மலிவான சான்றிதழ் கிடையாது. எதையும் எழுத வேண்டாம், எதையும் ஆட வேண்டாம், எந்த நிகழ்ச்சிக்கும் போய் உட்கார வேண்டாம். நகரத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினால் போதும்.

இந்த முறைப்பாட்டின் மூதாதையரைத் தேடினால் ஆனந்த குமாரசுவாமியிடம் போய் நிற்க வேண்டியிருக்கிறது. கொழும்பு நூதனசாலை திறக்கப்பட்ட அதே 1877ஆம் ஆண்டில் இந்நகரில் பிறந்தவர் அவர். தந்தை சேர் முத்து குமாரசுவாமி, தாய் ஆங்கிலேயர். இரண்டு வயதில் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கேயே படித்து, 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் அளவைப் பணிக்குப் பொறுப்பாக இருந்தார். கல்லைத் தேடிக் கிராமம் கிராமமாகப் போனவர் கண்டது, ஆதரவற்று அழிந்துகொண்டிருந்த கைவினைகளை. திரும்பி வந்து, ஐரோப்பிய உடையையும் நடையையும் போலிசெய்த நகரத்து மேற்குடியினரைச் சாடினார். 1905இல் அமைக்கப்பட்ட சமூகச் சீர்திருத்தச் சங்கத்துக்குத் தலைமை தாங்கினார். கண்டிய கைவினைகளைப் பற்றிப் பெருநூலொன்றை 1908இல் வெளியிட்டார். முறைப்பட்டவர் அதற்கு ஈடாக உழைக்கவும் செய்தார் என்பதுதான் முக்கியம். ஆனாலும் அவருடைய பார்வைக்கும் ஓர் எல்லை இருந்தது. அவர் தேடிய மரபு கண்டி மலைகளிலும் பழைய நூல்களிலும் இருந்ததே தவிர, கொழும்பின் தெருக்களில் இருந்ததாக அவர் எண்ணவில்லை. அதே காலப்பகுதியில் அவருடைய அத்தை மகனான பொன்னம்பலம் இராமநாதன் கொட்டாஞ்சேனையில் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலைக் கருங்கல்லால் திருப்பிக் கட்டுவித்தார். எங்கள் காலத்து வாரிசுகள் குமாரசுவாமியிடமிருந்து முறைப்பாட்டை மட்டும் சுவீகரித்துக்கொண்டு, உழைப்பை அவரிடமே விட்டுவிட்டார்கள்.

இதே குறையை வெளியிலிருந்து வந்து சொன்னவர்களில் வெள்ளவத்தைக்காரருக்கு மிகவும் பிடித்தமானவர் பாப்லோ நெரூடா. சிலி நாட்டின் தூதரக அலுவலராக 1929இல் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தைக் கடற்கரையில் ஒரு பங்களாவில் வசித்தவர். தன் தனிமையைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார். ஆங்கிலேய அதிகாரிகளின் வட்டம் அவருக்குச் சலித்தது. லயனல் வென்ட் என்ற பியானோ கலைஞரும் புகைப்படக்காரருமான ஒருவரின் வீடு மட்டும் ஆறுதலாக இருந்தது. ‘நெரூடா எங்கள் ஒழுங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தாராம்’ என்று பெருமையோடு சொல்லாத இலக்கிய ஆர்வலர் வெள்ளவத்தையில் அரிது. ஆனால் அவர் தனித்திருந்ததாகச் சொன்ன அந்த மாதங்களில் இந்த நகரம் சும்மா இருக்கவில்லை. 1929இல் டிராம் தொழிலாளர் வேலைநிறுத்தம் கொழும்பை உலுக்கியது. ஆடி மாதத்தில் செட்டியார் தெருவிலிருந்து வேல் புறப்பட்டுப் பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் வந்துகொண்டுதான் இருந்தது. நூற்பு நெசவு ஆலையில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலை செய்தார்கள். அவர் கொழும்பை விட்டுப் போன சிறிது காலத்தில், 1930 ஓகஸ்ட் மாதம், ஆவணிப்பட்டி சுப்பிரமணியம் செட்டியார் ‘வீரகேசரி’ப் பத்திரிகையைத் தொடங்கினார். இவை எதுவும் அந்தக் கவிஞருக்குத் தெரிய நியாயமில்லை, மொழி தெரியாதவர். அதைக் குற்றமாகச் சொல்ல மாட்டேன்.

குற்றம் வேறிடத்தில் இருக்கிறது. அவர் இறந்த பின்னர் 1974இல் வெளியான நினைவுக்குறிப்பில், தன் பங்களாவின் வாளிக் கக்கூசைத் தினமும் அதிகாலையில் சுத்தம் செய்ய வந்த தமிழ்ப் பெண்ணைப் பற்றி அவரே எழுதியிருக்கிறார். பழமும் பட்டுத்துணியும் வைத்துப் பார்த்தார். அவள் திரும்பியும் பார்க்கவில்லை. ஒரு காலையில் கையைப் பிடித்து அறைக்குள் கொண்டுசென்றார். முழு நேரமும் அவள் கண்களைத் திறந்தபடியே சிலைபோலக் கிடந்தாள் என்றும், தன்னை அவள் வெறுத்தது சரிதான் என்றும் அவர் எழுதியிருக்கிறார். அவளுடைய பெயர் அங்கே இல்லை. 2018இல் சிலியின் தலைநகர் விமான நிலையத்துக்கு அவர் பெயரைச் சூட்டும் யோசனை எழுந்தபோது, அந்நாட்டுப் பெண்கள் இந்தப் பக்கத்தை எடுத்துக்காட்டியே எதிர்த்தார்கள். சிங்களத் திரைப்பட இயக்குநர் அசோக ஹந்தகம 2021இல் இதை வைத்துப் படமே எடுத்தார். வெள்ளவத்தைத் தமிழர்களாகிய நாங்களோ, எங்களவளான அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசுவதைவிடக் கவிஞரின் பங்களா எந்த ஒழுங்கையில் இருந்தது என்று வாதிடுவதில் அதிக நேரம் செலவிட்டிருக்கிறோம்.

இந்த இடத்தில் ஒரு சொல்லாராய்ச்சி தேவைப்படுகிறது. நாம் இன்று பயன்படுத்தும் பொருளில் ‘பண்பாடு’ என்ற சொல் பழையதன்று, ரசிகமணி டி. கே. சி. அதை 1937இல் வழக்குக்குக் கொண்டுவந்ததாகப் பேராசிரியர் வையாபுரிப்பிள்ளை குறித்திருக்கிறார். இலங்கையில் ‘கலாசாரம்’ என்பதே இன்றும் கூடுதலாக வழங்குகிறது. கலித்தொகையில் வரும் ‘பண்பெனப்படுவது பாடறிந்து ஒழுகுதல்’ என்ற அடியோ மிகப் பழையது. மற்றவரின் இயல்பும் உலகின் நடையும் அறிந்து நடந்துகொள்வதுதான் பண்பு என்பது அதன் கருத்து. அதில் அரங்கும் இல்லை, ஓவியக்கூடமும் இல்லை. சொல் மாறியபோது நாங்கள் தொலைத்த பொருள் எது என்பதற்கு நெரூடாவின் அந்த ஒரு பக்கத்தைவிடத் தெளிவான உரை எனக்குத் தெரியாது.

அரங்கும் பாட்டும் மட்டுமே கலாசாரம் என்று வைத்துக்கொண்டாலும், கொழும்பின் கணக்கு அவ்வளவு மெலிந்ததன்று. கே. பி. சுந்தராம்பாளும் எஸ். ஜி. கிட்டப்பாவும் முதன்முதலில் மேடையில் சேர்ந்தது 1920களின் நடுப்பகுதியில், இந்தக் கொழும்பில்தான். ‘மணிக்கொடி’ இதழ்க்காரரான வ. ரா. கொழும்பில் இருந்துகொண்டு ‘வீரகேசரி’க்கு ஆசிரியராக இருந்தார். தமிழ்ச் சங்கம் 1942இல் தொடங்கப்பட்டது. இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பைக் கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டிலும் காத்திருந்து கேட்டார்கள். சானாவின் ‘லண்டன் கந்தையா’ வானொலி நாடகம் ஒலித்த வேளைகளில் இங்கே வீடுகள் சிரித்தன. விமர்சகர் கைலாசபதி 1959 முதல் 1961 வரை ‘தினகர’னின் ஆசிரியராக இருந்த காலத்தில், அதுவரை அச்சில் இடம் கிடைக்காத எழுத்தாளர்களுக்கு லேக் ஹவுஸ் பத்திரிகையின் பக்கங்கள் திறந்தன. கொட்டாஞ்சேனைக் கலைஞரான லடீஸ் வீரமணி, ஈழத்துக் கவிஞர் ‘மகாகவி’ உருத்திரமூர்த்தியின் ‘கண்மணியாள் காதை’யை வில்லுப்பாட்டாகக் கொண்டுசென்றார். சாதிக் கொடுமையைச் சொல்லும் அக்காவியத்தைப் புத்தகமாக வாசித்தவர்களைவிட வில்லிசையில் கேட்டவர்களே அதிகமாக இருந்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

அப்படியானால் ஏன் இவை கணக்கில் வருவதில்லை? 1960களின் தொடக்கத்தில் நடந்த மரபுப் போராட்டத்தை நினைவுகூர்ந்தால் விடை ஓரளவு கிடைக்கும். பேச்சு மொழியில், உழைக்கும் மக்களைப் பற்றி எழுதப்பட்ட கதைகளைப் பண்டிதர் தரப்பு ‘இழிசனர் வழக்கு’ என்று ஒதுக்கியது; முற்போக்கு அணி அதை எதிர்த்து நின்றது. அந்தப் போரில் பண்டிதர்கள் தோற்றார்கள் என்றுதான் இலக்கிய வரலாற்றில் படிக்கிறோம். ஆனால் அவர்களது அளவுகோல் தோற்கவில்லை. நவீன ஓவியத்தையும் உலக சினிமாவையும் பேசுகிற புதிய பண்டிதரின் கைக்கு அது மாறியிருக்கிறது. கொட்டாஞ்சேனையில் நடப்பது ‘சனங்களின் பொழுதுபோக்கு’, மேற்குடியினரின் கறுவாத்தோட்டத்தில் நடப்பது ‘கலை’. யாழ்ப்பாணத்தில் சிகையலங்கார நிலையம் வைத்திருந்து, 1966இல் ‘மல்லிகை’யைத் தொடங்கி, யுத்தம் துரத்தியபோது கொழும்பு 13க்கு அதைக் கொண்டுவந்து நடத்திய டொமினிக் ஜீவாவிடம், எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தீர்கள் என்று கேட்கத் துணிந்தவர்களும் இருந்திருப்பார்கள். மல்லிகையோ நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வந்தது.

இன்னொரு காரணம் மொழி. 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மாநகர எல்லைக்குள் நூற்றுக்கு ஏறத்தாழ 41 பேர் சிங்களவர், 29 பேர் இலங்கைத் தமிழர், 24 பேர் சோனகர். எவருக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லாத நகரம் இது. தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்ற மூன்றில் ஒருவர் தன் மொழியில் நடப்பதை மட்டும் பார்த்துக்கொண்டு, மற்ற இரண்டு மொழிகளில் நடப்பதை அறியாமல் ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று சொல்வது மிக எளிது. ஆங்கிலத்தைச் சிங்களப் பல்கலைக்கழக மாணவர்கள் ‘கடுவ’, அதாவது வாள், என்று அழைப்பார்கள். அது வெட்டும் என்பதால். கில்ட்ஃபோர்ட் கிறசன்ட்டில் 1953இல் திறக்கப்பட்ட லயனல் வென்ட் அரங்கின் வாசலில் அந்த வாளின் பளபளப்பை இன்றும் சில மாலைகளில் காணலாம். ஆனால் அதே அரங்கில்தான் 1956 நவம்பர் 3ஆம் திகதி சரச்சந்திரவின் சிங்கள நாடகமான ‘மனமே’ முதன்முதலாக மேடையேறியது. அந்நாடகம் எடுத்துக்கொண்ட ‘நாடகம’ என்ற சிங்கள நாட்டார் அரங்க வடிவம் தமிழ்க் கூத்திலிருந்து கிளைத்தது என்பது அறிஞர் பலரின் முடிபு. அதன் வெற்றியைக் கண்டு, பேராதனையில் பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ என்று கூத்தை மீட்டெடுத்தார். தமிழ்க் கூத்து சிங்கள நாடகமாகிப் பின் தமிழுக்கே தூண்டுதலாகத் திரும்பியது. அந்த வட்டத்தில் கொழும்பின் பங்கு ஒரு மேடையும் ஒரு பார்வையாளர் கூட்டமும்தான். ஒரு நகரம் செய்யக்கூடியதும் பெரும்பாலும் அவ்வளவே.

‘மனமே’ மேடையேறிய அதே 1956இல்தான் தனிச்சிங்களச் சட்டமும் வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், ஏனெனில் முறைப்பாட்டின் உண்மையான பகுதி இங்கேதான் இருக்கிறது. தமிழர்களின் கொழும்பு ரசனைக் குறைவால் வறுமைப்பட்டதன்று, எரிக்கப்பட்டது. 1958, 1977, 1983 என்று வரிசையாக. 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் வீடுகள் எரிந்தபோது புத்தக அலுமாரிகளும் வீணைகளும் கூடவே எரிந்தன. தமிழரான குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோ எரிந்தபோது சிங்களத் திரைப்படங்களின் மூலச் சுருள்களும் சாம்பலாயின. எரித்தவர்கள் தங்கள் கலாசாரத்தையும் சேர்த்தே எரித்தார்கள். ஆடிவேல் வீதியுலா தடைப்பட்டது. எழுதியவர்களும் நடித்தவர்களும் பார்த்தவர்களும் கப்பலில் ஊருக்கும், பின்னர் விமானத்தில் தொரொன்ரோவுக்கும் இலண்டனுக்கும் போனார்கள். எஞ்சியவர்களும் புதிதாக வந்தவர்களும் அடுத்த இருபத்தைந்து வருடங்களைப் பொலிஸ் பதிவுத் துண்டோடும் லொட்ஜ் அறைகளிலும் கழித்தார்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில், தங்கியிருப்பதற்குத் தகுந்த காரணம் இல்லை என்று கூறி, 376 தமிழர்களை லொட்ஜ்களிலிருந்து எழுப்பி பஸ்களில் ஏற்றினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தலையிட்டே அது நிறுத்தப்பட்டது. ஓர் இடத்தில் இருப்பதற்கே காரணம் காட்ட வேண்டியவர்களிடம், அந்த இடத்தில் நாடகக் குழு ஏன் இல்லை, வாசகர் வட்டம் ஏன் இல்லை என்று கேட்பது குரூரமானது. மேதாவித்தனமான முறைப்பாடு செய்யும் மிகப் பெரிய தீங்கு இதுதான் என்று நான் நினைக்கிறேன்: அரசியல் செய்த அழிவை அது சனங்களின் ரசனைக் குறைவாக மாற்றிச் சொல்லிவிடுகிறது.

இன்று உள்ள குறைகள் இல்லாதவை அல்ல. ஆனால் அவை சில்லறையானவை, பெயர் சொல்லக்கூடியவை. நூல் வெளியீட்டையே எடுத்துக்கொள்ளலாம். மங்கள விளக்கேற்றல், தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, இரண்டு வாழ்த்துரை, ஆய்வுரை, முதற்பிரதி, சிறப்புப் பிரதிகள், பொன்னாடை, ஏற்புரை, நன்றியுரை என்று மூன்று மணித்தியாலம் ஓடும் அந்தச் சடங்கில், நூலை வாசித்துவிட்டு வந்தவர் ஒருவரோ இருவரோதான். வாழ்த்துரை நிகழ்த்துபவர் நூலைப் பற்றித் தெரியாமலே நூலாசிரியரின் பாட்டனாரைப் பற்றி அரை மணித்தியாலம் பேசுவார். தவறான நூலைத் தவறு என்று அச்சில் எழுதும் விமர்சகர் எங்களிடம் இல்லாமல் போய் வெகுகாலமாகிறது, ஏனெனில் அடுத்த கிழமை அதே மண்டபத்தில் அதே முகங்களைச் சந்திக்க வேண்டும். 2022இல் தாள் தட்டுப்பாட்டால் பாடசாலைப் பரீட்சைகளே பின்போடப்பட்ட நாட்டில், சிறு சஞ்சிகைகள் தாக்குப்பிடிப்பதும் சிரமம். மண்டப வாடகை, ஒத்திகைக்கு இடம், இரவில் கொட்டாஞ்சேனைக்குத் திரும்ப பஸ் என்று பட்டியல் நீளும். ‘கலாசாரம் இல்லை’ என்று சொல்பவர் இவற்றில் ஒன்றைக்கூடக் குறிப்பிடுவதில்லை. குறிப்பிட்டால் யாராவது ஒருவர் அதற்கு ஏதாவது செய்யச் சொல்லிவிடுவார்.

போன வருடம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நண்பரொருவர், பார்ன்ஸ் பிளேசில் ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். 1943இல் சேர்ந்த ஓவியர் குழுவினரின் படங்கள் அங்கே சபுமல் நிறுவனத்தின் பராமரிப்பில் இருக்கின்றன. ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ், தரணியகல எல்லோரையும் நான் கூட்டங்களில் மேற்கோள் காட்டியிருக்கிறேன். என் வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணித்தியாலத் தூரத்தில் முப்பது வருடங்களாக இருந்தும் அந்த வாசலை மிதித்ததில்லை. நண்பர் ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் நெடுநேரம் நின்றார். எனக்குக் கால் வலித்தது. புறப்படும்போது வருகைப் புத்தகத்தில் அவர் பெயரையும் ஊரையும் எழுதிவிட்டுப் பேனையை என்னிடம் தந்தார். நான் பெயரை எழுதி, பக்கத்தில், அப்பாவின் ஊரான கரவெட்டியை எழுதினேன்.